டிஎஸ்எல்ஆருக்குத் துணையாக ஒரு காம்பாக்ட்: எதை எடுக்கலாம்?

நிழல்தேடி:

எட்டு வருடமாக நிக்கான் டி750 என்கிற டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வைத்திருக்கிறேன், அதில் பெரும்பாலும் 24-120 மிமீ எஃப்/4 ஜூம் லென்ஸ்தான் மாட்டியிருக்கும் (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்). பேட்டரியும் கார்டும் போட்டால் பாடி 840 கிராம், லென்ஸ் 710 கிராம், ஆக மொத்தம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. விசேஷம், வெளியூர்ப் பயணம் என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சாதாரண நாட்களில் பைக்குள் இருக்கும், பை அலமாரிக்குள் இருக்கும்.

போன மாதம் ஒரு நாள் நல்ல மழை. மகள் வாசலில் நின்று குடையைத் தலைகீழாகப் பிடித்து அதில் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் அப்படி ஒரு கவனம். நான் உள்ளே ஓடி, பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, வெளியே வருவதற்குள் குடையை மடக்கிவிட்டாள். போனில் எடுத்திருக்கலாம்தான். ஆனால் போன் எடுக்கிற படத்தில் முகத்தின் தோலை மழமழவென்று ஆக்கி, தலைமுடி ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டுவதை என்னால் ரசிக்க முடியவில்லை, பெரிதாக அச்சுப் போட்டால் அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் தினமும் கூடவே இருக்கிற மாதிரி ஒரு சின்ன கேமரா வாங்க நினைக்கிறேன். டி750-ஐ விற்கப் போவதில்லை. மனம் இரண்டு பக்கம் இழுக்கிறது. ஒன்று, சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7 எக்ஸ் மாதிரி ஒரு இன்ச் சென்சாரும் ஜூமும் உள்ளவை. இன்னொன்று, ரிக்கோ ஜிஆர் 3 மாதிரி பெரிய சென்சார், ஜூம் இல்லாத ஒரே லென்ஸ். டி750-இல் இருக்கிற ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார்) படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை சரிப்படுமா? இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

இருபத்தெட்டு:

நான் டிஎஸ்எல்ஆரும் ஜிஆர் 3-உம் சேர்த்து நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழைய படங்களில் எந்த குவியத் தூரத்தில் (லென்ஸின் மிமீ எண், சிறியதாக இருந்தால் காட்சி அகலம்) அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று லைட்ரூம் மாதிரி மென்பொருளில் வடிகட்டிப் பாருங்கள். ஆனால் மொத்தக் கணக்கை நம்பாதீர்கள். 24-120 மாதிரி ஜூமில் 24-லும் 120-லும் படங்கள் குவிந்து கிடக்கும், ஏனென்றால் வளையம் அங்கே போய் முட்டி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான், நீங்கள் அந்தக் கோணத்தை விரும்பித் தேர்ந்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஐம்பது அறுபது படங்களை மட்டும் தனியாக எடுத்து அவை எந்த எண்ணில் இருக்கின்றன என்று பாருங்கள்.

ஜிஆர் 3 பற்றி. பேட்டரி, கார்டுடன் 257 கிராம், பேன்ட் பாக்கெட்டில் போகும், பட்டனை அழுத்தினால் ஒரு விநாடிக்குள் தயார். சென்சார் ஏபிஎஸ்-சி அளவு (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது, நீள அகலத்தில் 1.5 மடங்கு வித்தியாசம்), 24 மெகாபிக்சல். லென்ஸ் 18.3 மிமீ எஃப்/2.8, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 28 மிமீ. நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஸ்னாப் ஃபோகஸ். பகல் வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து, ஃபோகஸ் தூரத்தை 2 மீட்டர் என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் கேமரா ஃபோகஸைத் தேடாமல் அந்தத் தூரத்திலேயே எடுத்துவிடும். உங்கள் குடைப் படம் மாதிரி கணங்களுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒரு பேட்டரியில் சிபா (கேமரா நிறுவனங்களின் சங்கம்) அளவுப்படி 200 படம்தான், டி750-இல் 1230 பார்த்துப் பழகிய உங்களுக்கு இது பெரிய இறக்கம், கட்டாயம் இன்னொரு பேட்டரி வேண்டும். வியூஃபைண்டர் கிடையாது. உள்ளே ப்ளாஷ் கிடையாது, அது ஜிஆர் 2-ஓடு போய்விட்டது. திரை மடங்காது. மழைக்கும் தூசிக்கும் காப்பு இல்லை. அப்புறம், இது ஜிஆருக்கு மட்டும் சொல்வதல்ல, லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற எந்த காம்பாக்டாக இருந்தாலும் பாக்கெட்டில் வெறுமனே போடாதீர்கள், மெல்லிய துணிப்பை ஒன்றில் போட்டு வையுங்கள். உள்ளே தூசி போனால் லென்ஸ் கழற்றித் துடைக்கிற வசதி இதில் கிடையாது.

---

ஒற்றைலென்ஸ்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். குடைப் படம் போனதற்கு கேமராவின் எடை காரணமே இல்லை. நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள், கேமராவும் வீட்டில்தான் இருந்தது. அது அலமாரிக்குள் பைக்குள் மூடி போட்டு இருந்ததுதான் காரணம். காம்பாக்ட் வாங்கினாலும் அது இன்னொரு பைக்குள் போய் உட்கார்ந்தால் இதே கதைதான்.

புதிதாக எதையும் வாங்காமல் ஒரு மாதம் இப்படி இருந்து பாருங்கள். ஜூமைக் கழற்றிவிட்டு 50 எஃப்/1.8ஜி மாட்டுங்கள், அது 185 கிராம்தான், மொத்த எடை அரைக் கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். மூடி போடாதீர்கள், ஹுட் போதும். ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஏற்ப சென்சாரின் உணர்திறனைக் கேமராவே மாற்றுவது) போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 என்று அமைத்துவிடுங்கள், டி750-இல் அந்த வசதி இருக்கிறது. கேமராவைப் பைக்கு வெளியே, குழந்தை கைக்கு எட்டாத, உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஓடுகிற குழந்தையைத் தொடர்ந்து பிடிக்க அந்த 51 புள்ளி ஃபோகஸுக்கும் ஆப்டிகல் வியூஃபைண்டருக்கும் இணையாக ஒரு காம்பாக்ட் வருவது கடினம்.

ஒரு மாதத்துக்குப் பிறகும் வெளியே போகும்போது எடுத்துப் போக மனம் வரவில்லை என்றால், சரி, அப்போது காம்பாக்ட் உங்களுக்கு நிஜமாகவே தேவை.

---

மாலைவெயில்:

"ஃபுல் ஃப்ரேம் கண்ணுக்குச் சரிப்படுமா" என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம், ஏனென்றால் இதில் பலர் சென்சார் அளவை மட்டும் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள்.

ஒரு இன்ச் சென்சார் என்பது பெயர்தான், பழைய வீடியோ கேமரா குழாய்களின் அளவு முறையிலிருந்து வந்த பெயர். நிஜ அளவு 13.2 x 8.8 மிமீ, அதாவது 116 சதுர மிமீ. ஃபுல் ஃப்ரேம் 36 x 24, அதாவது 864. ஏழரை மடங்கு வித்தியாசம், ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கிட்டத்தட்ட மூன்று. இதோடு நிறுத்தினால் காம்பாக்ட் வேண்டவே வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் உங்கள் ஜூம் எஃப்/4. ஆர்எக்ஸ்100 மார்க் 3-இன் லென்ஸ் 24-70, அகலப் பக்கம் எஃப்/1.8. இந்த லென்ஸ் வித்தியாசம் மட்டுமே இரண்டேகால் ஸ்டாப்புக்கு மேல் ஈடுகட்டிவிடுகிறது. இருட்டான அறையில் நீங்கள் எஃப்/4-இல் ஐஎஸ்ஓ 6400 போடுகிற இடத்தில் அது எஃப்/1.8-இல் 1250 அல்லது 1600-இல் அதே ஷட்டர் வேகம் தந்துவிடும். 24-ஐ ஒட்டி இரண்டுக்கும் இடையே மிஞ்சுவது அரை ஸ்டாப்பை ஒட்டிய வித்தியாசம்தான். 70-க்கு ஜூம் செய்தால் அது எஃப்/2.8 ஆகிவிடும், அங்கே இரண்டு ஸ்டாப் அளவுக்குப் பின்தங்கும், முகத்தைப் படமெடுக்கும்போது பின்புலம் அவ்வளவாக மங்காது.

ஜிஆர் 3-க்கும் இதே கணக்குப் போடுங்கள். எஃப்/2.8-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 4.2. அதாவது உங்கள் 24-120-ஐ 28-இல் முழுக்கத் திறந்து எடுத்தால் என்ன வெளிச்சமும் என்ன மங்கலும் வருமோ, ஏறக்குறைய அதையே பாக்கெட்டில் இருக்கிற கேமராவும் தரும். உங்கள் ஜூமோடு ஒப்பிட்டால் நீங்கள் இழப்பது ஜூமை மட்டும்தான். 85 எஃப்/1.8 மாதிரி லென்ஸோடு ஒப்பிட்டால் எந்த காம்பாக்டும் அருகில் வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 24-200 வரை போகிற ஆர்எக்ஸ்100 மார்க் 7 மாதிரி நீள ஜூம் காம்பாக்டை டிஎஸ்எல்ஆருக்குத் துணையாக வாங்காதீர்கள். தனியாக ஒரே கேமரா வைத்திருப்பவருக்கு அது அருமையான பொருள். ஆனால் அதன் லென்ஸ் எஃப்/2.8-இல் தொடங்கி எஃப்/4.5-க்குப் போகிறது, வீட்டுக்குள் மாலை நேரத்தில் திணறும், தொலைவுக்கோ உங்களிடம் ஏற்கெனவே அதைவிட நல்ல கேமரா இருக்கிறது. பெரிய கேமரா செய்யாததைச் செய்கிற சின்ன கேமராதான் துணை. பெரிய கேமரா செய்வதையே கொஞ்சம் குறைவாகச் செய்கிற ஒன்றை வாங்கினால் நான்கே மாதத்தில் இரண்டில் ஒன்று தூங்கிவிடும்.

---

நிழல்தேடி:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அந்த எஃப்/4 கணக்கு. நான் சென்சாரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டு சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். மொத்தமாகப் பார்த்தால் 24-லும் 120-லும்தான் குவியல், அப்படியே நீங்கள் சொன்னது. பிடித்த படங்கள் என்று 62 எடுத்தேன். அதில் 41 படம் 35-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கிறது. 28-ஐ ஒட்டி வெறும் ஏழு. இது எனக்கே தெரியாது. அப்படியானால் ஜிஆர் 3 எனக்கு அகலமாக இருக்குமோ?

---

இருபத்தெட்டு:

ஆமாம், அகலம்தான். உங்கள் எண்களைப் பார்த்த பிறகு நான் என் கேமராவை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் பாருங்கள், அதே உடம்பு, அதே சென்சார், லென்ஸ் மட்டும் 26.1 மிமீ எஃப்/2.8, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 40. ஆனால் ஸ்னாப் ஃபோகஸ் இதில் அவ்வளவு தாராளம் இல்லை. எஃப்/8-இல் 2.5 மீட்டருக்கு வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரைதான் தெளிவு. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழக வேண்டும், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வியூஃபைண்டர் இல்லாமல் முடியாது என்றால் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை 35-இல் இருக்கிறது, உங்கள் 41 படங்களுக்கு அதுவும் பொருந்தும். ஆனால் எக்ஸ்100வி 478 கிராம், 2024-இல் வந்த எக்ஸ்100 வரிசையின் ஆறாவது மாடல் 521 கிராம். அது தோளில் மாட்டுகிற கேமரா, பாக்கெட் கேமரா இல்லை.

---

கோப்பறை:

இரண்டு கேமரா வைத்த பிறகு வருகிற தொல்லையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் நாளே இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக வையுங்கள். நான் வைக்காமல் ஒரு பயணம் முழுக்க எடுத்துவிட்டேன், 17 நிமிட வித்தியாசம், காலை உணவுப் படங்களுக்கு நடுவில் மலையேறிய படங்கள் வந்து நின்றன. மாதம் ஒருமுறை ஒரே கடிகாரத்தின் விநாடி முள்ளை இரண்டிலும் படமெடுத்து வைத்துவிடுங்கள், பிறகு நேரத்தை மென்பொருளில் மொத்தமாக நகர்த்திச் சரிசெய்யலாம்.

நிறத்துக்கு, இரண்டிலும் ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து ஒரே மென்பொருளில் ஒரே ப்ரொஃபைலில் தொடங்குங்கள். தோல் நிறம் அப்போதும் கொஞ்சம் மாறும், வெள்ளைச் சமநிலையைக் கையால் திருத்தினால் ஒரே ஆல்பத்தில் உறுத்தாத அளவுக்கு வந்துவிடும். ஜேபெக் எடுத்தால் ஒவ்வொரு நிறுவனத்தின் நிறமும் வேறு வேறு, பொருத்தவே முடியாது.

விசேஷங்களுக்கு இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். டி750-இல் 85 மாதிரி ஒரு லென்ஸை மாட்டி விட்டுவிடுங்கள், அகலமாக வேண்டியதெல்லாம் காம்பாக்டில். நாள் முழுக்க லென்ஸ் மாற்ற வேண்டியதே இருக்காது. இன்னொன்றும் கவனித்தேன், பெரிய லென்ஸ் திரும்பினால் முதுகை நிமிர்த்திச் சிரிக்கிறவர்கள் சின்ன கேமரா முன் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

---

நிழல்தேடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஒற்றைலென்ஸ் சொன்ன மாதிரி 50 மாட்டி, புத்தக அலமாரியின் மேல்தட்டில் மூடி இல்லாமல் வைத்தேன். வீட்டுக்குள் நிறைய எடுத்துவிட்டேன், மகள் தரையில் உட்கார்ந்து ஷூ நாடாவோடு போராடுகிற படம் ஒன்று அச்சுக்குப் போயிருக்கிறது. அந்த யோசனைக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் வெளியே போன பதினோரு தடவையில் கேமராவை எடுத்துப் போனது இரண்டு தடவைதான், அதனால் 3எக்ஸ் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கழுத்துப் பட்டையா, மணிக்கட்டுப் பட்டையா, எது வசதி?

---

இருபத்தெட்டு:

மணிக்கட்டு. கேமராவில் பட்டை மாட்ட மூன்று இடம் இருக்கும், வலது பக்கம் இரண்டு. அதில் கீழே உள்ளதில் மாட்டுங்கள், பாக்கெட்டிலிருந்து இழுக்கும்போது பிடி நேராகக் கைக்கு வரும். கூடுதல் பேட்டரியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.