வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸை ஃபுல் டைட்டா வைக்கலாமா?

மாடிவீடு:
வீட்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர், விண்டோஸ் 11, கூடவே வர்ற டிஃபெண்டர்தான் ஆன்டிவைரஸ். அப்பா அம்மா அதுலதான் பேங்க் வேலை பாக்குறாங்க, பையன் கேம் ஆடுவான், சி ப்ரோகிராமிங் கத்துக்கிறான். கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ், ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல், கிளவுட் ப்ளாக் லெவல்னு என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் உச்சத்துக்கு ஏத்திடலாம்னு இருக்கேன். மச்சான் என்னடான்னா டிஃபால்ட்ல விடு, நோண்டாதேங்கிறான். சண்டை போட்டாலும் பரவால்ல, காரணத்தோட போடுங்க.

இரும்புக்கதவு:
ஏத்துங்க ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு. டிஃபால்ட்ங்கிறது உங்க வீட்டை நினைச்சு வச்சது இல்ல, கோடிக்கணக்கான மிஷின்ல கம்ப்ளெய்ன்ட் வராம ஓடணும்னு வச்சது. கன்ட்ரோல்டு ஃபோல்டர் 2017லயே விண்டோஸ் 10க்கு வந்துடுச்சு, ரான்சம்வேர், அதாவது ஃபைலை எல்லாம் லாக் பண்ணிட்டுப் பணம் கேக்குற வைரஸ், உங்க டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ்ல கை வைக்கக்கூடாதுன்னு வந்த வசதி, ஆனா இன்னைக்கும் ஆஃப்லதான் வருது. ஆன் பண்றது ஒரு க்ளிக். குடும்ப போட்டோ எல்லாம் லாக் ஆனப்புறம் உக்காந்து அழறதுக்கு அந்த ஒரு க்ளிக் பெட்டர் இல்லையா?

டிஃபால்ட்தாசன்:
வந்துட்டாரு கதவு. 2010 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கா சார்? மெக்காஃபி ஒரு அப்டேட் விட்டாங்க, அது எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3ல விண்டோஸோட சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ்னு பிடிச்சுது, உலகம் பூரா ஆபீஸ் ஆபீஸா மிஷின் ரீபூட் ஆகிக்கிட்டே கிடந்துச்சு. சும்மா இருக்கிற ஆன்டிவைரஸே இப்படின்னா, நீங்க அதை இன்னும் சந்தேகப்பிராணியா மாத்தச் சொல்றீங்க.

இரும்புக்கதவு:
அது ஸ்ட்ரிக்ட் செட்டிங்கால நடந்ததா? வைரஸை அடையாளம் காட்டுற குறிப்புல வந்த தப்பு சார் அது, டிஃபால்ட்ல வச்சிருந்தவனுக்கும் அதே அடிதான். உங்க உதாரணம் உங்க பக்கமே நிக்கல.

டிஃபால்ட்தாசன்:
சரி, நிக்கிற உதாரணம் தர்றேன். 2023 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. டிஃபெண்டர்ல ஆபீஸ் மேக்ரோவை, அதாவது வேர்ட், எக்ஸெல் ஃபைலுக்குள்ள ஓடுற குட்டி ப்ரோகிராமை, அடக்குறதுக்குன்னு அட்டாக் சர்ஃபேஸ் ரூல்னு ஒண்ணு இருக்கு, விருப்பப்பட்டவங்க மட்டும் ஆன் பண்றது. ஒரு அப்டேட் சொதப்பி, அந்த ரூலை ப்ளாக் மோட்ல வச்சிருந்த கம்பெனி மிஷின்கள்ல ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் ஷார்ட்கட் எல்லாம் அழிஞ்சுபோச்சு. ஆடிட் மோட்ல, அதாவது தடுக்காம குறிச்சு மட்டும் வைக்கிற மோட்ல, வச்சிருந்தவன் தப்பிச்சான். ரூலைத் தொடாதவனுக்கு ஒண்ணுமே ஆகல. இது யார் பக்கம் நிக்குது?

இரும்புக்கதவு:
ஷார்ட்கட் போனா திரும்ப வச்சுக்கலாம். ரான்சம்வேர் என்க்ரிப்ட் பண்ணி லாக் போட்ட போட்டோவை என்ன பண்ணுவீங்க?

நித்யா_கே:
ரெண்டு பேரும் ஸ்ட்ரிக்ட்னு ஒரே பேர்ல ரெண்டு வேற விஷயத்தைப் போட்டுக் குழப்புறீங்க. சில செட்டிங் நம்மகிட்ட கேக்கும், சிலது கேக்காமலே தடுத்துட்டுப் போயிடும். கேக்குற டைப் வயசான அப்பா அம்மா மிஷின்ல வேலைக்கு ஆகாதுங்கிறதுதான் என் கருத்து. காலிங் பெல் ஓயாம அடிச்சா யாருன்னு பாக்காமலே கதவைத் திறந்துடுவாங்க இல்ல, அதேதான், கொஞ்ச நாள்ல எந்த பாக்ஸ் வந்தாலும் அலவ் அமுக்கப் பழகிடுவாங்க, அப்புறம் நிஜமான வைரஸுக்கும் அலவ்தான். (கதவு சாரைச் சொல்லல.)

ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் கேக்காத ரகம். தெரியாத ஆப், யார் செஞ்சதுன்னு காட்டுற டிஜிட்டல் சிக்னேச்சரும் இல்லன்னா ஓட விடாது, இந்த ஒரு ஆப்புக்கு மட்டும் விதிவிலக்கு குடுன்னா அதுவும் கிடையாது. அப்பா அம்மாவுக்கு அருமையான செட்டிங். ஆனா மாடிவீடு சார், உங்க பையன் சி ப்ரோகிராம் கம்பைல் பண்ணா, அதாவது ஓடுற ப்ரோகிராமா மாத்தினா, வர்ற எக்ஸ்இ ஃபைல் உலகத்துல யாருமே பாத்திருக்காத, சிக்னேச்சர் இல்லாத ஃபைல். அதையும் தூக்கிடும். அவன் மூணாவது நாளே மொத்தத்தையும் ஆஃப் பண்ணிடுவான், 2022ல அது வந்தப்போ ஒருதடவை ஆஃப் பண்ணா திரும்ப ஆன் பண்ண விண்டோஸையே ரீஇன்ஸ்டால் பண்ண வேண்டியிருந்துச்சு. கிளவுட் ப்ளாக் லெவலை, அதாவது தெரியாத ஃபைலை மைக்ரோசாஃப்ட் சர்வர்கிட்ட கேட்டு எவ்வளவு கறாரா தடுக்கணும்ங்கிறதை, உச்சமான ஜீரோ டாலரன்ஸ்ல வச்சாலும் தெரியாத எக்ஸ்இ எல்லாமே ப்ளாக், அதே கதைதான்.

டிஃபால்ட்தாசன்:
இதைத்தான் நானும் சொல்றேன், மேடம் மரியாதையா சொல்லிட்டாங்க. இன்னொண்ணும் சேத்துக்கோங்க, கன்ட்ரோல்டு ஃபோல்டர் தடுக்குறது எழுதுறதை மட்டும்தான், படிக்கிறதைத் தடுக்காது. இப்ப சுத்துற திருட்டு ப்ரோகிராம் பாதி ரான்சம்வேரே இல்ல, ப்ரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டையும் குக்கியையும் (லாகின் ஆகி இருக்கிறதை ஞாபகம் வச்சிருக்கிற ஃபைல்) அள்ளிட்டுப் போற ரகம், அந்த பாஸ்வேர்டும் குக்கியும் ப்ரோகிராம்கள் தன் டேட்டாவை வைக்கிற ஆப்டேட்டா ஃபோல்டர்ல இருக்கு, கன்ட்ரோல்டு ஃபோல்டர் அந்தப் பக்கமே போகாது. அதோட நிறைய கேம் சேவ் ஃபைலை டாகுமென்ட்ஸ்லதான் எழுதும், ப்ளாக் ஆனா கேம் சம்பந்தமே இல்லாம ஃபைல் கிடைக்கலைன்னு எரர் காட்டும், பையன் வந்து உங்ககிட்ட கத்துவான்.

இரும்புக்கதவு:
அந்த கேமை அலவ்டு லிஸ்ட்ல சேத்தா முடிஞ்சுது. படிக்கிறதைத் தடுக்கலன்னா எழுதுறதையும் தடுக்க வேணாமா? நல்லா இருக்கு லாஜிக். அந்தத் திருட்டு ப்ரோகிராம் எங்கேருந்து வருது? பாதி நேரம் க்ராக் பண்ண கேம்லேருந்து. பாஸ்வேர்டு போட்ட ஜிப்ல குடுப்பான், ஏன்னா பிரிக்காம ஆன்டிவைரஸால உள்ள பாக்க முடியாது, கூடவே ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்கன்னு எழுதியே வச்சிருப்பான். டிஃபால்ட்ல இருக்கிற மிஷின் இதை எப்படித் தடுக்கும், சொல்லுங்க.

நித்யா_கே:
உச்சத்துல இருக்கிற மிஷினும் தடுக்காது சார், உக்காந்திருக்கிறவன் கையில அட்மின் பாஸ்வேர்டு இருந்தா. டேம்பர் ப்ரொடெக்‌ஷன் வேற ப்ரோகிராம் டிஃபெண்டரை நிறுத்துறதைத்தான் தடுக்கும், அட்மின் செட்டிங்ஸைத் திறந்து தானே ஆஃப் பண்ணா அது என்ன செய்யும்? பையனுக்கும் அப்பா அம்மாவுக்கும் அட்மின் பாஸ்வேர்டு இல்லாம பாதுகாப்பு செட்டிங்கை மாத்த முடியாத ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் தனித்தனியா, அட்மின் பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும். ஆன்டிவைரஸ் செட்டிங்குல இதை யாரும் எண்ணுறதில்ல, ஆனா என்னைக் கேட்டா மத்த எல்லா ஸ்விட்சையும் விட இதுதான் கனமானது.

டிஃபால்ட்தாசன்:
விண்டோஸ் அப்டேட்டையும் சேத்துக்கோங்க. 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற ரான்சம்வேர் ஆடுச்சே, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச்லயே வந்துடுச்சு. செட்டிங்கைத் திருகிட்டு அப்டேட்டைத் தள்ளிப்போடுற ஆளுங்களை நான் நிறைய பாத்துட்டேன்.

மாடிவீடு:
அக்கவுன்ட் பிரிக்கிறது இன்னைக்கே பண்றேன். ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் இந்த மிஷின்ல வேணாம், பையன் படிப்பு கெடும். கன்ட்ரோல்டு ஃபோல்டர்தான் மனசு கேக்கல. ஆன் பண்ணாம, எதெதைத் தடுக்கும்னு முன்னாடியே பாக்க வழி இருக்கா?

நித்யா_கே:
இருக்கு. அதுக்கும் ஆடிட் மோட் உண்டு, செட்டிங்ஸ்ல கிடையாது, கமாண்ட் டைப் பண்ற பவர்ஷெல்லை அட்மினா திறந்துதான் வைக்கணும். வச்சுட்டு எல்லாரும் வழக்கம்போல யூஸ் பண்ணட்டும். அப்புறம் விண்டோஸ் நடந்ததைக் குறிச்சு வைக்கிற ஈவன்ட் வியூவர்ல, டிஃபெண்டர் லாக்ல 1124 நம்பரைத் தேடுங்க, ஆன்ல இருந்திருந்தா எதைத் தடுத்திருக்கும்னு வரும். நிஜமா தடுத்தது 1123. லிஸ்ட்ல தெரிஞ்ச கேமும் பேப்பர் ஸ்கேனர் சாஃப்ட்வேரும் மட்டும் இருந்தா அதுகளை அலவ் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஆன்டிவைரஸ் பாக்காம விடுற லிஸ்ட்ல, போட்டுடாதீங்க, தொல்லை தாங்காம அப்படிப் பண்றவங்க இருக்காங்க.

இரும்புக்கதவு:
ஆக கடைசில ஆன் பண்ணத்தான் போறீங்க. இதைத்தானே முதல் போஸ்ட்ல சொன்னேன்.

டிஃபால்ட்தாசன்:
எல்லாத்தையும் உச்சத்துக்கு ஏத்துங்க, யோசிக்கவே வேணாம்னு சொன்னீங்க. மேல போய் படிங்க சார்.