ஆஸ்மாட்டிக் கன்ட்ரோலுக்கு மேனிட்டால் போதாதா, எல்-குளுக்கோஸ்தான் வேண்டுமா?

நிலா_ஹூவெக்:
வணக்கம். ஹூவெக் செல்களுக்கு (மனிதத் தொப்புள்கொடி இரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள்) அதிக குளுக்கோஸ் கொடுத்து, ஆக்சிஜன் ரேடிக்கல் எவ்வளவு கூடுகிறது என்று, ரேடிக்கல் பட்டால் ஒளிரும் டிசிஎஃப்டிஏ சாயம் வைத்து அளக்கிறேன். சாதாரண மீடியத்தில் 5.5 மில்லிமோலார், அதிக குளுக்கோஸில் 25. ஆஸ்மாட்டிக் அழுத்தத்தை மட்டும் 25-க்குச் சமமாக்கும் கன்ட்ரோலுக்கு 5.5 குளுக்கோஸோடு 19.5 மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால், எங்கள் லேபில் வழக்கமாகச் செய்வது அதுதான். இப்போது ரெவ்யூவர் மேனிட்டாலை ஏற்க முடியாது, எல்-குளுக்கோஸ் வைத்துத் திரும்பச் செய்யுங்கள் என்கிறார். விலையைப் பார்த்துவிட்டு கைடு தயங்குகிறார். அப்படி என்ன வித்தியாசம்? அலோஸ், அலுலோஸ் மாதிரி வேறு அரிய சர்க்கரையை வைத்துச் சமாளிக்க முடியாதா?

கண்ணாடிப்பிம்பம்:
ரெவ்யூவர் சொல்வது சரிதான். மேனிட்டால் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடித்து அடக்கிவிடும், நீங்கள் அளப்பதே ரேடிக்கலை. மேனிட்டால் செல்லுக்குள் அவ்வளவாகப் போகாது என்று வாதாடலாம், ஆனாலும் கன்ட்ரோலில் அளவு குறைவாக வந்தால் அது கூடுதல் குளுக்கோஸ் இல்லாததாலா, மேனிட்டால் இருந்ததாலா என்று எதை வைத்துப் பிரிப்பீர்கள்?

எல்-குளுக்கோஸ் நம் குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்பம். மூலக்கூறு எடை அதே, ஆஸ்மாட்டிக் அழுத்தம் அதே, வாயில் போட்டால் இனிக்கக்கூடச் செய்யும். ஆனால் குளுக்கோஸைச் செல்லுக்குள் கடத்தும் புரதமான குளுட் 1 அதை ஏறக்குறைய உள்ளே விடுவதில்லை, ஹெக்சோகைனேஸ் நொதி அதன் மேல் பாஸ்பேட் ஏற்றுவதும் இல்லை. கரைந்து கிடப்பதைத் தவிர வேறு வேலை செய்யாத சர்க்கரைதான் இங்கே வேண்டும். ஒன்று மட்டும் கவனம், 5.5 டி-குளுக்கோஸ், அதாவது சாதாரண குளுக்கோஸ், அப்படியே இருக்கட்டும். 25-ஐயும் எல்-ஆக மாற்றினால் செல் பட்டினியில் கிடக்கும், அப்புறம் அது கன்ட்ரோலே இல்லை.

நொதிப்பிரியன்:
அலோஸ் வேண்டவே வேண்டாம். குளுக்கோஸில் மூன்றாவது கார்பன் மட்டும் திரும்பியதுதான் அது, செல்லுக்குள் போய் டிஎக்ஸ்நிப் மரபணுவைத் தூண்டும். அதிக குளுக்கோஸும் அதே மரபணுவைத்தான் தூண்டுகிறது! புற்றுநோய் செல்களில் அலோஸை ஆராய்கிறவர்களுக்கு அந்த விளைவுதான் முக்கியம், உங்களுக்கு அது முழுக்க இடைஞ்சல்.

அலுலோஸ் மலிவாகக் கிடைப்பதற்கு வேறு காரணம். ஜப்பானில் ககாவா பல்கலைக்கழகத்தின் கென் இசுமோரி, சூடோமோனாஸ் சிகோரி என்ற பாக்டீரியாவில் டாகடோஸ் 3-எபிமரேஸ் நொதியைக் கண்டுபிடித்தார், அது ஃப்ரக்டோஸை நேராக அலுலோஸாக மாற்றிவிடும். அதற்குப் பின்னால் பெரிய ஆலை உற்பத்தியே வந்தது. எல்-குளுக்கோஸுக்கு அந்த அளவு சந்தை இல்லை. எமில் ஃபிஷர் 1890-இல் எல்-அரபினோஸில் ஒரு கார்பனை நீட்டி அதைச் செய்தார், அப்போது எல்-மேனோஸும் கூடவே வரும், இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். விலை ஏறுவதில் வியப்பில்லை. ஆனால் அலுலோஸ் மலிவு என்பதற்காகக் கன்ட்ரோலாகிவிடாது, அது டி-வரிசைச் சர்க்கரை, ஃப்ரக்டோஸைக் கடத்தும் புரதமான குளுட் 5 அதையும் கடத்தும்.

நிலா_ஹூவெக்:
இப்போது தெளிவாகிறது, இருவருக்கும் நன்றி. 3-ஓ-மெத்தில் குளுக்கோஸ் என்று ஒரு பேப்பரில் பார்த்தேன், அது?

கண்ணாடிப்பிம்பம்:
அது குளுட் வழியாக உள்ளே போகும், ஆனால் பாஸ்பேட் ஏறாது. அதனால் குளுக்கோஸ் கடத்தலை அளக்க அருமையான சர்க்கரை. ஆஸ்மாட்டிக் கன்ட்ரோலுக்குச் சரிவராது, உள்ளேயும் வெளியேயும் சமமாகிவிட்டால் அழுத்த வேறுபாடே போய்விடும், கடத்தியில் குளுக்கோஸோடு போட்டியும் போடும்.

செலவுக்கு வருவோம். 19.5 மில்லிமோலார் என்றால் 100 மில்லிக்கு சுமார் 351 மில்லிகிராம். 96 குழித் தட்டில் செய்தால் 20 மில்லி மீடியம் தாராளம், 70 மில்லிகிராம் போதும். எல்லா சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டாம், ரேடிக்கல் அளக்கும் படத்துக்கு மட்டும் எல்-குளுக்கோஸ் வைத்துச் செய்து, ரெவ்யூவருக்கு அதைக் காரணத்தோடு எழுதுங்கள். சின்ன பாட்டிலே போதும், கைடிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நொதிப்பிரியன்:
பாட்டில் வந்ததும், கரைத்த மீடியத்தை ஒருமுறை குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட்டில் போட்டுப் பாருங்கள். அந்த நொதிக்கு எல் வடிவம் தெரியாது, எனவே கன்ட்ரோல் மீடியத்தில் 5.5-ஐ ஒட்டித்தான் காட்ட வேண்டும். தெளிவாகக் கூடினால் டி-குளுக்கோஸ் கலந்திருக்கிறது என்று பொருள், அதைச் செல்களுக்குக் கொடுக்காதீர்கள்.