பரணில் 160 டிஸ்க்: நாஸில் ஐஎஸ்ஓவாக ஏற்றும்போது சிக்கல்

மாட்டுங்கா_வாசி:
அப்பா 1999 முதல் 2011 வரை மும்பைத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர். அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட 160 டிஸ்க் பரணில் கிடந்தது. போன மழையில் பரண் ஒழுகியது. எடுத்துப் பார்த்தால் பல தட்டுகளில் பூஞ்சை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவின மாதிரி.

4 டிபி நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் எட்டக்கூடிய சேமிப்புப் பெட்டி) ஒன்று வாங்கினேன். லாமிங்டன் ரோட்டில் வாங்கிய யூஎஸ்பி டிவிடி டிரைவை அதில் செருகினால், நாஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சரி என்று உபுண்டு லேப்டாப்பில் போட்டு டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கின் நகலாக ஒரே ஃபைல்) எடுத்து நாஸுக்கு அனுப்புகிறேன். 11 டிவிடி நன்றாக வந்தது. ‘சித்தி வளைகாப்பு 2006’ மட்டும் பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அந்த ஐஎஸ்ஓவைத் திறந்தால் ஃபோல்டர்கள் தெரிகின்றன, வீடியோ ஓடவில்லை. அதே டிஸ்க் பழைய பிளேயரில் ஜம்மென்று ஓடுகிறது!

இன்னொன்று: அக்கா பையன் நாஸில் ஒரு ஃபைலை இழுத்து எங்கேயோ போட்டுவிட்டான். அரை நாள் தேடினேன்.

செம்பூர்_சேகர்:
உள்ளே எம்பெக்ஏவி (MPEGAV) என்று ஃபோல்டர் இருக்கிறதா? இருந்தால் அது டிவிடி இல்லை, விசிடி, அதாவது சிடியில் பதிந்த வீடியோ. டிவிடியிலும் சாதாரண டேட்டா சிடியிலும் ஒரு செக்டருக்கு (டிஸ்க்கில் டேட்டா பதியும் ஒரு துண்டுக்கு) 2048 பைட். விசிடியின் வீடியோ டிராக்கில் 2324. பிழை திருத்தத்துக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஐஎஸ்ஓ 2048 கணக்கில்தான் நிற்கும், அதனால் படம் அதில் அடங்காது. சிடிஆர்டிஏஓ (cdrdao) என்ற புரோகிராமை வைத்து ‘ரா’வாக, அதாவது செக்டரை முழுசாக அப்படியே, பின் (.bin) ஃபைலாக எடுங்கள், அல்லது விசிடிஎக்ஸ்ரிப் (vcdxrip) புரோகிராமால் எம்பெக் வீடியோ ஃபைலாகவே உருவிக்கொள்ளுங்கள். நாதஸ்வரப் பாட்டு ஆடியோ சிடி இருந்தாலும் ஐஎஸ்ஓ வேண்டாம், ஃபிளாக் (தரம் குறையாத ஆடியோ ஃபைல்) போதும்.

பையனைத் திட்டாதீர்கள். நாஸில் அவனுக்குத் தனி யூசர் போட்டு அந்த ஷேரைப் (பகிர்ந்த ஃபோல்டரைப்) படிக்க மட்டும் அனுமதியுங்கள். எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும்.

பழைய_ஸ்பிண்டில்:
பூஞ்சைத் தட்டை வட்டமாகத் துடைக்காதீர்கள் அண்ணா. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாக விழும் கீறல் தொடர்ச்சியான டேட்டாவைத் தின்றுவிடும், குறுக்கே விழுவதை டிரைவ் ஓரளவு சமாளிக்கும்.

அப்புறம், டிவிடிக்கும் டிடியை விட்டுவிட்டு கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) பிடியுங்கள், பிளாக் அளவு 2048 பைட். கூடவே ஒரு மேப் ஃபைல் கொடுத்தால் எங்கெங்கே படிக்கவில்லை என்று அதில் குறித்துக்கொள்ளும். அதே மேப்போடு அந்த டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு ஓட்டினால் ஓட்டைகளை மட்டும் நிரப்பப் பார்க்கும். என் டிரைவ் படிக்காததைப் பக்கத்து வீட்டு டிரைவ் படித்த கதையெல்லாம் உண்டு.

மாட்டுங்கா_வாசி:
விசிடியேதான்! சேகர் சார், கும்பிடு. எம்பெக்காக எடுத்துவிட்டேன். டிவிடி ஐஎஸ்ஓவை விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் ஷேரிலிருந்தே இரண்டு முறை சொடுக்கினால் தனி டிரைவாகத் திறக்கிறது. விஎல்சி பிளேயரிலும் ஓடுகிறது. டிவிதான் ஐஎஸ்ஓவைத் தொட மாட்டேன் என்கிறது. அக்காவுக்கு பென்டிரைவில் போடப் பார்த்தால் ஃபைல் பெரிது என்கிறது, 58 ஜிபி காலியாக இருக்கிறதே?

செம்பூர்_சேகர்:
பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். டிவிக்கு மேக்எம்கேவி (MakeMKV) புரோகிராமில் ஐஎஸ்ஓவைக் கொடுத்து எம்கேவி வீடியோ ஃபைலாக மாற்றுங்கள். படத்தை மறுபடி சுருக்காது, தரம் குறையாது. ஆனால் ஐஎஸ்ஓவை அழித்துவிடாதீர்கள், மெனு அதில்தான் இருக்கும். 160-ம் டிவிடியாகவே இருந்தாலும் 750 ஜிபி சொச்சம்தான், இடம் தாராளம்.

மாட்டுங்கா_வாசி:
எம்கேவி டிவியில் ஓடுகிறது. முதலில் போட்டது சயானில் நடந்த கல்யாணம் ஒன்று. தாலி கட்டும் நேரத்தில் கேமரா ஆடியது. “அது நான் பிடிச்சதில்லை, உன் மாமா” என்றார் அப்பா.