அயல்மொழி நாவலை இன்பத்துக்காகப் படிப்பது சாத்தியமா, வெறும் வீம்பா?

காட்பாடிச் செவிலி எழுதியது:

ஜெர்மனியில் செவிலியர் வேலைக்குப் போக வேண்டுமானால் ஏ1-இல் தொடங்கும் மொழித் தேர்ச்சிப் படிகளில் நான்காவதான பி2 நிலைவரை ஜெர்மன் தேறியிருக்க வேண்டும் என்பதால், இரண்டு ஆண்டுகள் சனி ஞாயிறுகளில் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலேறிப் போய் வகுப்பில் உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய படியான பி1 முடித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் ஜெர்மனிப் பயணம் நின்றுபோயிற்று. ஜெர்மன் மட்டும் கையில் மிஞ்சியது. இனித் தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை என்று ஆன பிறகுதான், 1929-இல் வெளிவந்த எரிக் கேஸ்ட்னரின் எமில் என்ற சிறுவனைப் பற்றிய நாவலை எடுத்தேன். நாளுக்கு நான்கு பக்கம்தான் நகர்கிறது. ஆனாலும் தமிழில் ஒரே மூச்சில் படித்து முடித்த பல நாவல்களைவிட இது மனத்தில் ஆழமாக நிற்கிறது. அயல்மொழியில் படிப்பது படிப்புக்காகவோ பிழைப்புக்காகவோ மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பாலாற்று மணல் எழுதியது:

சகோதரியின் ஊக்கத்தைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் குடியாத்தம் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். நாளுக்கு நான்கு பக்கம், பக்கத்துக்குப் பத்து முறை அகராதி என்று போகும்போது கிடைப்பது நாவலின் இன்பமா, குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பிய இன்பமா? இரண்டும் இன்பம்தான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு மொழியில் எது வழக்கமான சொல், எது எழுத்தாளர் வேண்டுமென்றே தேர்ந்து வைத்த சொல் என்று காதுக்குத் தெரியாதவரையில் அவருடைய நடை நமக்குக் கேட்கவே கேட்காது. நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த வேலையை நமக்காகச் செய்து வைத்திருக்கிறார். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தந்தவற்றைப் படித்தவன், அதே நூல்களுக்காக அரைகுறைப் பிரெஞ்சு கற்றுக்கொண்டு முட்டி மோத வேண்டிய அவசியம் என்ன?

ஆம்பூர்க் கணக்கர் எழுதியது:

ஐயா சொல்வதற்கு எண்கணக்கும் உண்டு. சொற்களஞ்சியத்தை ஆராய்ந்த பால் நேஷன் 2006-இல் எழுதியதன்படி, அகராதியின் துணையில்லாமல் ஆங்கில நாவலைப் படிக்கச் சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், தேவை. 98 என்றால் தாராளமாகத் தோன்றும். முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் அப்போதும் ஆறு சொல் தெரியாமல் நிற்கும் என்பதுதான் அதன் பொருள். நான் வேலை பார்க்கும் காலணித் தொழிற்சாலையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். தோலின் கனம், தையல், சரக்கு அனுப்பும் தேதி எல்லாம் தடையின்றி வரும். ஒரு ஆங்கில நாவலை எடுத்தால் மூன்றாம் பக்கத்தில் யாரோ ஒருவர் தோட்டத்தில் நடக்கிறார், அங்கே பூத்திருக்கும் எட்டுப் பூக்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தொழில்மொழி வேறு, நாவல்மொழி வேறு. எனவே எளிமையாக்கிய பதிப்புகளில் தொடங்குவதே முறை.

வாணியம்பாடி வாசகர் எழுதியது:

என் நிலைமை இதற்கு நேர்மாறானது. எங்கள் வீட்டில் உருது பேசுவோம். நான் படித்தது தமிழ்வழியில். ஆகவே சொல் எல்லாம் தெரியும், எழுத்துதான் வழிமறிக்கும். உருதுவில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. 'இஸ்' என்றால் இந்த, 'உஸ்' என்றால் அந்த. இரண்டும் ஏட்டில் ஒரே மாதிரிதான் கிடக்கும். இந்தப் பெண்ணா, அந்தப் பெண்ணா என்று வாக்கியம் முடிந்த பிறகே சில சமயம் விளங்கும். நாற்பது வயதில் என் பாட்டியின் பேச்சை முதன்முதலாகப் புத்தகத்தில் பார்த்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையைப்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சியைக் குறுக்கெழுத்துப் போட்டி என்று ஐயா தள்ளிவிட முடியாது. அது சரி, எனக்கு உருது அயல்மொழியா? சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடுதான் இருந்தது. இந்தப் பக்கத்தில் தெலுங்கும் உருதும் அயல் என்று எவர் கோடு கிழிப்பது?

பாலாற்று மணல் எழுதியது:

பாய் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. அவர் காதில் அந்த மொழி நாற்பது ஆண்டுகள் ஒலித்திருக்கிறது. கண் மட்டுமே பின்தங்கியது. செவிலி அவர்களுக்குக் காதே இல்லையே! ஜி. யு. போப் 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அவருடைய குறள் மொழிபெயர்ப்பு அச்சேறியது 1886-இல். நாற்பத்தேழு ஆண்டு இடைவெளி. அயலார் ஒருவர் ஒரு மொழியின் சுவையை அறிய அவ்வளவு பிடிக்கும் என்றுதான் நான் கொள்கிறேன்.

காட்பாடிச் செவிலி எழுதியது:

ஐயா, போப் குறளை மொழிபெயர்க்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது வேறு. முதல் குறளைப் படித்து மகிழ எத்தனை நாள் ஆயிற்று என்பது வேறு. நான் மொழிபெயர்க்கவில்லை, படிக்கிறேன்.

நடை எனக்குக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறொன்று கிடைக்கிறது. எமில் தனியாக பெர்லினுக்கு ரயிலில் போகிறான். பாட்டிக்குக் கொடுக்கச் சொல்லித் தாய் தந்த பணமும் கைச்செலவுப் பணமுமாக 140 மார்க், மூன்று நோட்டுகளாக உறைக்குள் கோட்டுப் பையில் இருக்கிறது. தொலைந்துவிடுமோ என்று அஞ்சிக் கழிப்பறைக்குள் போய் ஒரு 'ஷ்டெக்நாடெல்' கொண்டு அதைக் கோட்டோடு குத்தி வைக்கிறான். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. 'நாடெல்' ஊசி, எங்கள் வார்டில் நாள் முழுதும் கையாள்வது. முன்பாதி செருகுவது. செருகும் ஊசி. வாலாஜா ரோடு நிலையத்தில் ரயில் நின்றிருந்தபோது குண்டூசி என்று சட்டெனப் புலப்பட்டது. தமிழில் 'குண்டூசி' என்று இருந்திருந்தால் அரை நொடியில் கடந்திருப்பேன். இங்கே அந்த ஊசியை நானே பையிலிருந்து எடுத்ததுபோல் ஆயிற்று. பிறகு எமில் உறங்கிப்போய்ப் பணம் களவுபோனபோது என் கை தானாகவே என் கைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

இன்னொன்று. ஜெர்மன் துணைவாக்கியங்களில் வினை கடைசியில்தான் வந்து நிற்கும். ஆங்கிலத்திலேயே பழகிய என் வகுப்புத் தோழர்கள் அந்த இடத்தில் திணறினார்கள். எனக்கு அது தெரிந்த தெருவைப்போல இருந்தது, ஏனெனில் கடைசிவரை காத்திருந்து கேட்பதுதானே நம் பழக்கம். தமிழ் வழியாகவே ஜெர்மனுக்குள் நுழைய முடிகிற இந்த வாசலை எந்த மொழிபெயர்ப்பும் எனக்குக் காட்டியிருக்காது.

ஆம்பூர்க் கணக்கர் எழுதியது:

மொழிபெயர்ப்பை நம்புகிற ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஐரோப்பிய நூல்களில் எத்தனையோ ஆங்கிலம் வழியாகத்தானே நம்மை வந்தடைகின்றன? எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஸ்வீடன் நாட்டுக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்: அவர்கள் மொழியில் தந்தையின் உடன்பிறந்தவர் 'ஃபார்புரூர்', தாயின் உடன்பிறந்தவர் 'மூர்புரூர்'. நம்மைப்போலவே பிரித்துச் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் போனால் இரண்டும் 'அங்கிள்'. அங்கிருந்து தமிழுக்கு வரும்போது சித்தப்பா மாமாவாகிவிடுவார். நம்மிடமும் இருக்கிற, அவர்களிடமும் இருக்கிற ஒரு வேறுபாடு நடுவில் இருந்த மொழியில் தொலைந்துபோகிறது.

பாலாற்று மணல் எழுதியது:

இது உண்மையான குறை. இதற்கு மருந்து எல்லாரும் ஸ்வீடிஷ் கற்பதன்று, ஸ்வீடிஷ் கற்ற நாலு பேர் நேரடியாகத் தமிழில் தருவது. சித்தப்பா மாமாவானது எனக்கும் பொறுக்காது. எங்கள் பக்கத்தில் அதனால் முறைப்பெண்ணே மாறிப்போவாள்.

ஆனால் செவிலி அவர்கள் சொன்ன அந்த ஊசியைப் பற்றி இரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் படித்தது நாவலையே என்று ஒப்புக்கொள்கிறேன். நடையைப் படித்தார் என்பதை இன்னும் ஒப்பவில்லை. அதற்குச் சோதனை ஒன்று உண்டு. அந்த ஊசிப் பத்தியைத் தமிழில் பெயர்த்து இங்கே இடட்டும். ஆசிரியர் எங்கே தேர்ந்து வைத்திருக்கிறார் என்பது பெயர்க்கும்போது கைக்குத் தட்டுப்படும்.

காட்பாடிச் செவிலி எழுதியது:

முயன்றேன், ஐயா. ஊசி முதலில் நோட்டுகளை, பிறகு உறையை, கடைசியில் கோட்டின் உட்பக்கத் துணியைத் துளைத்துப் போகிறது. அந்த வரிசை மாறினால் சிறுவனின் பதற்றம் போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொன்றாக அதே வரிசையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், இதைப் பெயர்க்க உட்கார்ந்த பிறகுதான் அந்த வரிசையே என் கண்ணில் பட்டது. அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரி. ஒரே ஒரு சொல்லில்தான் உங்களோடு சண்டை வரும் என்று தெரிகிறது. 'உள்துணி' என்று எழுதினால் நீங்கள் மகிழ்வீர்கள். என் தந்தை தையற்காரர்; முப்பது ஆண்டுகளில் அவர் வாயில் ஒருநாளும் அந்தச் சொல் வந்ததில்லை. 'லைனிங்' என்றே வைத்திருக்கிறேன்.