வேர்வை தந்த 62 மில்லிவோல்ட்

பாளையங்கோட்டைக்காரி:
ஆய்வில் ஏமாந்த கதையை எல்லாரும் எழுதுகிறீர்கள், என்னுடையதும் கிடக்கட்டும். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைப் பட்டு நூலில் சாயம்போல ஏற்றி, உடம்புச் சூட்டிலிருந்து கரண்ட் எடுக்க முடியுமா என்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏட்டி, துவைக்கும்போது ஷாக் அடிக்காதா?" அடிக்காது. கூடங்குளத்தில் ஒரு உலைக்கு 1000 மெகாவாட், என் துணிக்கு ஒரு மைக்ரோவாட் வந்தாலே அன்றைக்குத் தீபாவளி.

பிளாஸ்டிக்கும் கரண்ட் கடத்தும் என்று 1977-ல் பாலிஅசிட்டிலீனில் அயோடினை ஏற்றிக் காட்டினார்கள், அதற்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-ல் நோபல் கிடைத்தது. நான் எடுத்துக்கொண்டது பெடாட்-பிஎஸ்எஸ் என்ற அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்டிக். தண்ணீரில் கலந்த கருநீல மை மாதிரி இருக்கும். ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2017-ல் இதில் பட்டு நூலைத் தோய்த்து, 40 மீட்டர் நீளம் வரைக்கும் எடுத்து, கம்பளித் துணியில் 26 கால்களாகத் தைத்துக் காட்டியிருந்தார்கள். கால் என்றால் ஒரு முனை சூட்டிலும் மறு முனை குளிர்ச்சியிலும் இருக்கும் நூல் துண்டு, அந்தச் சூட்டு வித்தியாசம்தான் வோல்ட்டாக வரும். அதைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது, நம்மிடம் இல்லாத தறியா!

வீரவநல்லூரில் தெரிந்த அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். முதலில் பருத்தியில்தான் நெய்து தரச் சொன்னேன். மையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது புளிப்புச் சாயம்லா, பருத்தி இத்துப்போகும்மா, பட்டுன்னா தாங்கும்" என்றார். உண்மைதான், அந்த மை நல்ல அமிலம். நான் பல கட்டுரைகளைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். அடுத்தது கஞ்சி. கஞ்சி போடாமல் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நிற்காது, கஞ்சி காய்ந்தால் நூலுக்கு மேல் மின்சாரம் போகாத ஒரு தோல் கட்டிவிடும். நான் விழித்ததைப் பார்த்து, "அப்போ ஊடையில விடு, ஊடைக்கு எதுக்குக் கஞ்சி?" என்றார். ஊடை என்றால் குறுக்கே ஓடும் நூல். அவ்வளவுதான், மூன்று மாதத் தலைவலி ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்தது.

24 கால்களோடு ஒரு கைப்பட்டை தயார் ஆனது. ஒரு டிகிரிக்கு ஒரு காலுக்கு 15 மைக்ரோவோல்ட் வைத்துக்கொண்டால், 3 டிகிரி வித்தியாசத்துக்கு மொத்தம் 1 மில்லிவோல்ட்தான் வர வேண்டும். மே மாதம், மத்தியானம், மொட்டை மாடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மீட்டரில் 62 மில்லிவோல்ட்! அப்படியே மாடிப்படியில் இறங்கி ஓடி வழிகாட்டியிடம் சொல்லி, அவர் இரண்டு பேரிடம் சொல்லி, கருத்தரங்குக்குப் படமெல்லாம் போட்டாயிற்று.

அன்று ராத்திரி பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தேன், மீட்டரை அணைக்க மறந்துவிட்டேன். விடிகாலையில் பார்த்தால் 40-க்கு மேல் காட்டுகிறது. கையே இல்லை, பிறகு எந்தச் சூடு? ஒரு பக்கம் வெள்ளிப் பசை, மறு பக்கம் செம்புக் கம்பி, நடுவில் என் வேர்வை உப்பு. நான் செய்தது ஒரு ஈர பேட்டரி. செம்பு முனையில் லேசாகப் பச்சைக் களிம்புகூடப் பிடித்திருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது: மாடியில் காற்று 39 டிகிரி, என் தோல் 34. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வருகிற நேரத்தில் மீட்டர் மைனஸ் காட்டியிருக்க வேண்டும். அது ப்ளஸ் காட்டியதைக் கொண்டாடியிருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் திருநெல்வேலியில் உடம்புச் சூட்டை எடுக்கப் போன புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் இரண்டு முனையிலும் ஒரே உலோகம், நூலுக்கு மேல் மெல்லிய உறை, விடிகாலை 5 மணி அளவீடு என்று மாற்றினேன். 0.4 மில்லிவோல்ட் வந்தது. அதைத்தான் ஆய்வேட்டில் எழுதினேன்.

சங்கரன்கோவில்காரன்:
குளிர் நாட்டுக்குப் போனால் மட்டும் கொட்டும் என்று நினைக்காதீங்க தங்கச்சி. நானும் விசைத்தறி வீட்டுப் பையன்தான், மைனஸ் 10-ல் இதே வேலை பார்த்தேன். தோல் 30, வெளியே மைனஸ் 10, ஆக 40 டிகிரியும் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். துணியின் இரண்டு பக்கத்திலும் வெப்பமானி ஒட்டிப் பார்த்தால் வித்தியாசம் வெறும் 4. மீதியைத் துணிமேல் ஒட்டி நிற்கும் காற்றே தின்றுவிடுகிறது. காற்று வீசினால், நடந்தால் கொஞ்சம் ஏறும். துணியைத் தடியாக்கினாலும் ஏறும், ஆனால் அந்தத் தடிச் சட்டையை யார் போடுவார்? இது போதாதென்று, உங்கள் நூலுக்கு ஜோடியாகப் போட வேண்டிய எதிர்வகைப் பிளாஸ்டிக், அதாவது எலக்ட்ரானைக் கடத்துகிற வகை, பெரும்பாலும் காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடுகிறது. நான் கடைசியில் கரண்ட் திரும்பி வரும் பாதைக்கு உலோக நூலையே போட்டுவிட்டேன்.

பத்தமடைப் பக்கம்:
என் வழி வேறு, உரசலில் மின்சாரம் எடுப்பது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜோங் லின் வாங் குழு 2012-ல் தொடங்கிவைத்தது. நைலான் துணியும் டெஃப்லான் துண்டும் கை வீசும்போது உரசிக்கொள்ளும். வோல்ட் நூற்றுக்கணக்கில் வரும், கரண்ட்தான் மைக்ரோ ஆம்பியரில் நிற்கும். பங்குனி வெயிலில் பிரமாதமாக இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் பூஜ்ஜியம், ஈரத்தில் மின்னூட்டம் நிற்கவே இல்லை. நீங்கள் வெயிலைத் திட்டுகிறீர்கள், நான் மழையைத் திட்டுகிறேன். பேசாமல் அந்த வேர்வை பேட்டரியையே தலைப்பாக எடுத்திருக்கலாமே? வேர்வையிலுள்ள லாக்டேட் என்ற பொருளிலிருந்து மின்சாரம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்காரி:
வழிகாட்டியும் அதைத்தான் சொன்னார். அதற்குள் நாலு வருஷம் ஓடியிருந்தது அண்ணே.