மறுமொழி: டிஸ்ட்ராயர் – நாசகாரியா, அழிகப்பலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘டிஸ்ட்ராயர்’ (destroyer) என்ற போர்க்கப்பல் வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது, ‘நாசகாரி’யா ‘அழிகப்பலா’ என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது. நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> நாளிதழ்கள் ‘நாசகாரிக் கப்பல்’ என்றே எழுதுகின்றன. பழகிய சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

பழகிய சொல்தான், ஐயா. எங்கள் தெருவில் அது பழகிய விதம் வேறு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் மருமகளுக்குக் கிடைக்கும் பட்டம் அது. கடற்படை தன் கப்பலுக்கே அந்த வசவைச் சூட்டிக்கொள்ளுமா?

‘அழிகப்பல்’ அதைவிட மோசம். வினைத்தொகையாகப் பிரித்தால் அழிக்கிற கப்பலா, அழிகிற கப்பலா? குறளில் வரும் ‘அழிபசி’யில் யாரும் தடுமாறுவதில்லை, பசி ஆளை அழிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கப்பலோ இரண்டும் செய்யும்.

மூலப் பெயரே அரைகுறையானது என்பதையும் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டு) ஏந்திய சிறு படகுகள் பெரிய போர்க்கப்பல்களை மிரட்டின. அவற்றைத் துரத்திப் பிடிக்க பிரிட்டன் 1893இல் ‘ஹேவக்’ என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. ‘டார்பிடோ படகு அழிப்பான்’ என்பதே அந்த வகையின் முழுப் பெயர். நாளடைவில் தலை உதிர்ந்து வால் மட்டும் நின்றது. அந்த வாலைத்தான் நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்வீடன்காரர்கள் ‘வேட்டையாடி’ என்றார்கள். ஜப்பானியரின் ‘குச்சிக்குகான்’ என்பதற்கு விரட்டி ஓட்டும் கப்பல் என்று பொருள். எனக்குப் பிடித்தது இதுதான்.

நான் இப்போது மொழிபெயர்க்கும் கட்டுரை அமெரிக்கக் கப்பல் ‘லாஃபி’யைப் பற்றியது. 1944 பிப்ரவரியில் பணியில் சேர்ந்தது. முந்தைய ஃபிளெட்சர் வகையில் ஐந்து ஒற்றைப் பீரங்கிகள். லாஃபி சார்ந்த சம்னர் வகையில் மூன்று இரட்டைப் பீரங்கிக் கூண்டுகள், ஆக ஆறு குழல்கள். எல்லாம் 5 அங்குலக் குழல்விட்டம். வானத்தை நோக்கியும் சுடும். சட்டெனத் திரும்புவதற்கு ஒன்றுக்கு இரண்டு சுக்கான்கள்.

இரண்டாம் உலகப் போரில் லாஃபி பிரான்சின் நார்மண்டியில் கரையை நோக்கிச் சுட்டுவிட்டுப் பசிபிக் போனது. 1945 ஏப்ரல் 16 அன்று ஜப்பானின் ஒக்கினாவாவுக்கு வடக்கே ரேடார் காவலில் நின்றது. வரும் விமானங்களை முதலில் கண்டு பின்னால் உள்ள படைக்குச் சொல்ல வேண்டும். அதனால் முதல் அடியும் அதற்குத்தான். ஏறத்தாழ 80 நிமிடங்களில் 22 ஜப்பானிய விமானங்கள் பாய்ந்தன. ஆறு விமானங்கள் கப்பல்மீதே மோதின, நான்கு குண்டுகள் விழுந்தன. சுக்கான் இடப்பக்கம் திரும்பியபடி சிக்கிக்கொண்டதால் கப்பல் வட்டமடித்துக்கொண்டே சுட்டது. 32 பேர் மாண்டார்கள், 71 பேர் காயமடைந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை.

அன்று அது செய்தது அழிவேலையா, காவல்வேலையா? 1962இல் புதுப்பித்தபோதும் நீர்மூழ்கிகளைத் தேடும் கருவிகளையும் ஆளில்லா ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தையும்தான் சேர்த்தார்கள். 1975இல் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது தென் கரோலினாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஆகவே என் பரிந்துரை: கடிகலம். ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் அடுக்கும் பொருள்களில் கூர்மை, காப்பு, விரைவு, அச்சம் நான்கும் இருக்கின்றன. வினையாகக் கொண்டாலோ விரட்டுதல். தினைப்புனத்துப் பரணில் நின்று கிளி கடிந்தார்களே, அந்தக் கடிதல். இரண்டெழுத்தில் கப்பலின் தொழில் முழுவதும் அடங்கிவிடுகிறது. ‘கலம்’ நமக்குப் புதிதல்ல. விண்கலத்தில் தினமும் வருகிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

---

தம்பி,

நாசகாரியைக் கைவிடச் சம்மதம். மருமகள் உதாரணத்தை என் வீட்டில் படித்துக் காட்டியிருக்கக் கூடாது, அது தனிக்கதை.

கடிகலத்தில் எனக்கு ஒரு தயக்கம். பேரனிடம் சொல்லிப் பார்த்தேன். “கொசுவா தாத்தா?” என்றான். தொல்காப்பியர் நான்கு பொருள் தந்தாலும் இன்றைக்குப் பல்தான் முன்னால் வருகிறது. நீங்கள் சொல்லும் கருத்தையே ‘விரட்டுகலம்’ என்று வைத்தால் என்ன? இலக்கணமும் கெடவில்லை, உரையும் தேவையில்லை. செய்யுள் எழுதுபவர்கள் கடிகலம் என்று எழுதிக்கொள்ளட்டும்.

ஃபிரிகேட், கொர்வெட் என்ற மற்றப் போர்க்கப்பல் வகைகளுக்கும் ‘கலம்’ என்றே முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நம் கலைச்சொல் பட்டியலில் க்ரூசர் என்ற போர்க்கப்பல் வகைக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை.