எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பயிற்சி: விஆர் ஹெட்செட் வாங்கலாமா, ஏஐ மட்டும் போதுமா?

கேட்டவர்: தோட்டத்து டியூஷன், சுங்கை சிப்புட்

வணக்கம். வார இறுதியில் டியூஷன் நடத்தும் சின்னக் குழு நாங்கள். எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) எழுதிய பிள்ளைகள் 16 பேர் இருக்கிறார்கள். தொழிற்சாலை, ஹோட்டல், கிளினிக் கவுன்டர் என்று வேலைக்கு மனு போடுகிறார்கள். மலாயில் எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவார்கள். எதிரே மூன்று பேர் உட்கார்ந்து கேட்டால் மட்டும் "யா, என்சிக்" (ஆமாம் ஐயா) என்பதோடு வாய் அடைத்துவிடுகிறது. ஒருவர் நன்கொடை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு மெட்டா குவெஸ்ட் 3எஸ் (கண்ணில் மாட்டினால் வேறு இடத்தில் இருப்பது போலக் காட்டும் விஆர் ஹெட்செட்) வாங்கி, ஏஐயையும் சேர்த்து இன்டர்வியூ பயிற்சி கொடுக்கலாம் என்று யோசனை. இடம் தோட்டத்துப் பழைய மண்டபம். தகரக் கூரை, வைஃபை கிடையாது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். எப்படி அமைப்பது, எங்கே சொதப்பும்?

பதில்: குரல்நுட்பம், ஈப்போ

ஹெட்செட் அப்புறம். முதலில் குரல் பகுதியைச் சரிசெய்யுங்கள் அண்ணே, பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான்.

பிள்ளை பேசுவது எழுத்தாக மாறும், அதைப் படித்து ஏஐ பதில் எழுதும், அந்தப் பதில் குரலாக வரும். பல அமைப்புகளில் இந்த மூன்றும் தனித்தனி வேலை, மூன்றும் நேரம் எடுக்கும். மனிதர்கள் பேசும்போது ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்கும் இடைவெளி ஏறக்குறைய 0.2 வினாடிதான். ஹாட்ஸ்பாட்டில் ஏஐ 2 வினாடி தாமதித்தாலே, 'தப்பாகச் சொல்லிவிட்டோமோ' என்று பிள்ளை மறுபடி பேச ஆரம்பிக்கும். அதே நேரத்தில் ஏஐயும் வாயைத் திறக்கும். அந்த மோதலுக்குப் பிறகு பாதிப் பேர் பேசவே மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை மௌனம். அரை வினாடி சத்தம் இல்லையென்றாலே பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும் செயலிகள் உண்டு. தமிழில் யோசித்து மலாயில் சொல்கிற பிள்ளை வாக்கியத்தின் நடுவிலேயே ஒரு வினாடி நிற்கும். ஏஐ குறுக்கே புகுந்து அடுத்த கேள்விக்குப் போய்விடும். மௌன அளவை மாற்ற முடிந்தால் 1.5 முதல் 2 வினாடி வையுங்கள். முடியாவிட்டால், பட்டனை அழுத்திக்கொண்டு பேசும் முறைக்கு மாறுங்கள். உங்கள் மண்டபத்துக்கு அதுதான் நல்லது. தகரக் கூரையில் மழை அடித்தால் மைக் அதையும் பேச்சு என்று எண்ணும், பிள்ளை முடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும். வாயருகே மைக் இருக்கும் ஒயர் ஹெட்போன் ஒன்று அவசியம்.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற ஏஐ மாதிரியைப் பயன்படுத்தினால் மொழியை 'மலாய்' என்று நீங்களே குறித்துவிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் 30 வினாடியை வைத்து முடிவெடுக்கும். பிள்ளை கலந்து பேசினால் எங்கோ போய் நிற்கும். இன்னொன்று, அது 'ஆ... ம்...' எல்லாவற்றையும் பெரும்பாலும் விழுங்கிவிட்டு வாக்கியத்தைச் சுத்தமாக எழுதிக் கொடுக்கும். அந்த எழுத்தை வைத்து "தயக்கமே இல்லை" என்று ஏஐ மார்க் போட்டால் நம்பாதீர்கள். ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

டேட்டா பற்றிக் கவலை வேண்டாம். வினாடிக்கு 32 கிலோபிட் அளவில் போகும் குரல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 15 எம்பி கூட வராது. சிக்னல் நிலையாக இருக்கும் மூலையைத் தேடுங்கள்.

பதில்: எச்ஆர் அக்கா

கருவியைப் பற்றித் தம்பி சொல்லிவிட்டார். உள்ளே போடும் சரக்கைப் பற்றி நான் சொல்கிறேன்.

சும்மா "என்னை இன்டர்வியூ செய்" என்றால் ஏஐ ஒவ்வொரு பதிலுக்கும் "மிகச் சிறப்பு" என்று தட்டிக்கொடுக்கும். அந்தப் பாராட்டால் ஒரு பயனும் இல்லை. கட்டளையை இப்படி எழுதுங்கள்: 'நீ ஒரு தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி. மலேசிய மலாயில் பேசு, இந்தோனேசியச் சொற்கள் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. பதில் பத்துச் சொல்லுக்குக் குறைந்தால் உதாரணம் கேள். நடுவில் பாராட்டாதே. எட்டுக் கேள்வியோடு நிறுத்து. கடைசியில் இரண்டே குறை சொல், இரண்டுக்கும் அவர் சொன்ன வாக்கியத்தையே எடுத்துக் காட்டு.' குறை இரண்டுக்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது.

கேள்விகளை நீங்களே கொடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் உண்மையில் கேட்பது ஷிப்ட் வேலைக்கு எப்படி வருவாய், மோட்டார்சைக்கிள் இருக்கிறதா, லைசன்ஸ் எடுத்தாயா, எஸ்பிஎம் முடிந்து இத்தனை மாதம் என்ன செய்தாய், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய். கடைசிக் கேள்விக்கு "ஏதாவது கொடுங்க" என்பார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் என்பதைத் தெரிந்துகொண்டு பேசட்டும். "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் அண்ணன் எத்தனை, தங்கை எத்தனை என்று தொடங்குவதை நிறுத்துங்கள். என்ன செய்யத் தெரியும், எங்கே செய்தாய், என்ன ஆயிற்று, இந்த மூன்றும் 60 வினாடிக்குள். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தியதும் அனுபவம்தான், வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

அதிகாரியை 'ஆவாக்' (மலாயில் சமமானவரிடம் சொல்லும் 'நீ') என்று கூப்பிட்டால் அங்கேயே முகம் சுருங்கும். ஆணுக்கு 'என்சிக்', பெண்ணுக்கு 'புவான்'தான். மலாய்ப் பெண் அதிகாரி கை நீட்டினால் மட்டும் கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்துத் தலை அசைத்தால் போதும். சான்றிதழை வலது கையால் கொடுக்க வேண்டும். இதெல்லாம் எந்த ஹெட்செட்டும் சொல்லித் தராது. மேசை போட்டு நேரில் பழக்குங்கள்.

கேட்டவர்

நன்றி அக்கா. அப்படியென்றால் ஹெட்செட் வேண்டாமா?

பதில்: ஹெட்செட் பட்டறை

மொழிப் பயிற்சிக்கு வேண்டாம், கைப்பேசியே போதும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்க்கிறார்களே என்ற பயத்துக்குத்தான் அது உதவும். 2020இல் பிடபிள்யூசி என்ற ஆலோசனை நிறுவனம் செய்த ஆய்வில், விஆர் பயிற்சிச் செலவு வகுப்பறைச் செலவோடு சமமாக 375 பேர் தேவைப்பட்டது. உங்களிடம் 16 பேர். ஆகவே ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

வாங்குமுன் அதில் போடும் ஆப் மலாய் பேசுமா என்று பாருங்கள். ஆங்கிலம் மட்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. சுற்றிலும் முழுவதையும் படமெடுக்கும் 360 கேமரா ஒன்றை இரவல் வாங்கி, மூன்று பெரியவர்களை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து 10 நிமிடம் எடுங்கள். அவர்கள் பேசக்கூடாது. கேட்கட்டும், எழுதட்டும், ஒருவர் முகத்தைச் சுளிக்கட்டும், ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். அந்த வீடியோ ஹெட்செட்டில் ஓடும், கேள்வி பக்கத்துக் கைப்பேசியிலிருந்து ஏஐ குரலில் வரும். உதடு பொருந்தாத பிரச்சினையே எழாது. கேமரா உட்கார்ந்தவர் கண் உயரத்தில், தரையிலிருந்து 120 செ.மீ. அளவில் இருக்கட்டும். அதற்கு மேல் ஏற்றினால் பார்ப்பவருக்கு மிதப்பது போல இருக்கும். ஆட்கள் ஒரு மீட்டருக்குள் வந்தால் இரண்டு லென்ஸ் படமும் சேரும் இடத்தில் முகம் வெட்டுப்படும். லென்ஸ் நேராக அவர்களைப் பார்க்கட்டும்.

"கண் பார்த்துப் பேசினார் 90 சதவீதம்" என்று ஏதாவது ஆப் மார்க் போட்டால் நம்பாதீர்கள். 3எஸ்ஸில் கண்ணைப் பின்தொடரும் வசதி இல்லை, தலை திரும்பும் திசையைத்தான் அது பார்க்கிறது. மூக்கை நேரே வைத்துவிட்டுக் கண்ணால் மேசையைப் பார்த்தாலும் முழு மார்க் கிடைக்கும்.

ஒருவருக்கு 10 நிமிடம், உட்கார்ந்தபடி மட்டும். படம் மங்கினால் லென்ஸ் இடைவெளியைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்ற வேண்டும், மூன்று நிலை உண்டு. 16 பேருக்கு 160 நிமிடம், பேட்டரி சுமார் இரண்டரை மணி நேரம், கடைசி ஆள் மாட்டிக்கொள்வார். நடுவில் பவர்பேங்க் போடுங்கள்.

நம் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய், நெற்றியில் விபூதி என்று வருவார்கள். எல்லாம் முகப்பஞ்சில் ஒட்டும், தூள் லென்ஸில் விழும். பஞ்சுக்கு மேல் சிலிக்கோன் உறை போட்டு, ஆல்கஹால் இல்லாத ஈரத் தாளால் ஒவ்வொருவருக்குப் பின்னும் துடையுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த கண்ணாடித் துணி மட்டும். விபூதியை முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் கீறும். லென்ஸை மேலே பார்த்தபடி ஜன்னலோரம் வைக்கவே கூடாது, வெயில் உள்ளே போய்த் திரையைச் சுட்டுவிடும்.

பதில்: குரல்நுட்பம், ஈப்போ

ஒன்று விட்டுப்போயிற்று. 18 வயது ஆகாத பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்யுமுன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஏஐயிடம் உண்மையான ஐசி (அடையாள அட்டை) நம்பர், வீட்டு முகவரி, அப்பா சம்பளம் எதையும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கேள்விக்குப் பதில் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்கள்.

கேட்டவர்

சரி. முதல் மாதம் கைப்பேசியும் ஒயர் ஹெட்போனும் மட்டும். மேசைப் பயிற்சிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவரைக் கேட்டுப் பார்க்கிறோம். அவர்களையே 360 வீடியோவிலும் உட்காரவைக்கலாம். கேமரா இரவல் தரக்கூடியவர் பேராக்கில் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.